டயாலிசிஸ் பிரிவு மாடி ஏறுகிறது

மார்ச் 4, புதன்

பெரிய டாக்டர் கூப்பிட்டார். கீழ்த்தளத்தில் இருக்கும் எங்கள் டயாலிசிஸ் பிரிவு மூன்றாம் மாடிப் புதுக் கூடத்துக்குப் போகிறதாம். “மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை. பொறுப்பு உங்களோடது சிஸ்டர்.” சரி டாக்டர் என்று வாய் சொல்லிவிட்டது. ஊசி போடச் சொன்னால் போடுவேன். சுவர், குழாய், கரண்ட் – எனக்கு என்ன தெரியும்? ஞாயிறு மட்டும்தான் பிரிவுக்கு விடுமுறை. திங்கள் காலை இயந்திரங்கள் ஓடவில்லை என்றால்? ஒரு முறை டயாலிசிஸ் தவறினாலே மூச்சு வாங்குகிறவர்கள் எங்கள் நோயாளிகள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நாம வீடு மாறினப்போ உப்பு டப்பாவத் தேடியே ஒரு வாரம் போச்சு. உன்கிட்டயா குடுத்தாங்க?” சிரித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, பாத்திரமெல்லாம் அவரே கழுவி வைத்தார்.

மார்ச் 7, சனி

எல்லா வேலையையும் தாளில் எழுதினேன். எதிரே யார் செய்வது என்று எழுதப்போனால், எல்லாவற்றுக்கும் நான்.

மார்ச் 13, வெள்ளி

அழுகையா வருது. மேல சுவர் பூசி முடிச்சாச்சு, தண்ணிக் குழாய் உள்ள போகவே இல்ல. குழாய்க்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துட்டு, “மறுபடி உடைக்கணுமே சிஸ்டர்”ங்கிறார். கொத்தனார், “எங்கிட்ட யாரும் சொல்லலியே”ங்கிறார். யார் சொல்லணும்? நான்தானே. ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியாப் பேசினேனே, சேர்த்து நிக்க வச்சுப் பேச ஏன் தோணல?

சின்ன சிஸ்டர் ஏதோ கேட்க வந்தாள். எரிந்து விழுந்தேன். முகம் சுண்டிப் போய்த் திரும்பினாள்.

மார்ச் 14, சனி

மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சிஸ்டர். எனக்கும் ஏதாவது வேலை குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன்” என்றாள்.

மார்ச் 16, திங்கள்

கொத்தனார், குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன் மூவரையும் மேலே கூட்டி டீ வரவழைத்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “உங்க வேலையத் தொடங்கணும்னா அதுக்கு முன்னால யார் வேலை முடிஞ்சிருக்கணும்?” ஒரே கூச்சல். நான் குறுக்கே போகவில்லை. டீ ஆறுவதற்குள் வரிசையை அவர்களே போட்டுவிட்டார்கள். இனி தினமும் காலையில் நாங்கள் நால்வரும் அங்கேயே நின்று பேசுவோம். நேற்று என்ன முடிந்தது, இன்று எது இடிக்கிறது – அவ்வளவுதான்.

மார்ச் 19, வியாழன்

எங்கள் நோயாளி தையல்காரம்மா இரண்டு முறை வந்தும் என்னோடு பேசவில்லை. இன்று டயாலிசிஸ் நடக்கும்போது படுத்தபடியே கேட்டார்: “மாடில அந்த டிரைவர் தம்பி என் பக்கத்துலதான இருப்பாரு?”

இருவருக்கும் இப்போது அடுத்தடுத்த படுக்கை. ஃபேனைக் கூட்டு, குறை என்று எந்நேரமும் இரண்டு பேருக்கும் சண்டை. நல்லது செய்வதாக நினைத்து, மாடிப் படுக்கை வரிசையில் ஆளுக்கொரு மூலையில் போட்டிருந்தேன்.

“சண்டை போட ஆளில்லன்னா இங்க எப்படிம்மா பொழுது போகும்?”

குழாயைப் பற்றி மூன்று பேரிடம் கேட்ட நான், படுக்கப் போகிறவர்களை ஒரு வார்த்தை கேட்டேனா?

படுக்கை வரிசையை முழுதாகச் சின்ன சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்கிறாள். நான் செய்தால் இவ்வளவு நேரம் ஆகாது – சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

டயாலிசிஸ் இயந்திரங்களுக்குப் போகும் புதுக் குழாய்த் தண்ணீர் பரிசோதனையில் தேறவில்லை. குழாய் முழுவதையும் சுத்தம் செய்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு மாற முடியாது. திறப்பு விழாவுக்கு அழைப்பு வேறு போயாச்சு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லலாமா? பொறுத்தா தண்ணி தானா சுத்தமாயிடுமா? போ, போய்ச் சொல்லு.

போனேன். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “இது எப்போ தெரிஞ்சுது?”

“இப்பதான் டாக்டர். நேரா இங்கதான் வரேன்.”

“வேற தேதி?”

“ஏப்ரல் பன்னெண்டு. அதுவும் தண்ணி தேறினாதான். தேறலன்னா அந்தத் தேதியும் கிடையாது.”

இப்படிப் பேசியது நான்தானா? கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். “விருந்தாளிங்ககிட்ட நான் பேசிக்கறேன். நீங்க தண்ணியப் பாருங்க.”

வெளியே வந்ததும் குழாய்க்காரரைத் தேடிப் படி ஏறினேன்.

ஏப்ரல் 8, புதன்

தேறிவிட்டது! குழாய்க்காரர் ரிப்போர்ட்டை வாங்கி, படிக்கத் தெரிந்த மாதிரி தலைகீழாகப் பிடித்துச் சிரித்தார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இயந்திரங்கள் மேலே போய்விட்டன. எது முதலில், எது பிறகு, லிப்ட் வாசலில் யார், மேலே வாங்குவது யார் – எல்லாம் சின்ன சிஸ்டர் குரல்தான். உதவலாம் என்று ஓடினேன். “சிஸ்டர், வழில நிக்கறீங்க” என்றாள். சொன்ன பிறகு அவளே பயந்துபோனாள். நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

முதல் ஷிப்ட். எல்லா இயந்திரங்களும் ஓடுகின்றன. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தையல்காரம்மா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“இத்தன வருஷத்துல நீங்க உக்காந்து இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார். தன் மகள் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்ற கதையை ஆரம்பித்தார். நடுவில், பக்கத்துப் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் கண் விழித்து, “இத எங்கிட்ட சொன்னதே இல்லியே” என்று கோபித்துக்கொண்டார்.

கதை முடியும் வரை உட்கார்ந்து கேட்டேன்.