சீர்த் தட்டில் வைத்த காற்றுக்குழாய்

என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. தலைத்திவசத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதுவரை பொறுக்க முடியாமல் இப்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. போனவர் மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் அக்கா. இருந்த காலத்தில் கோபப்பட நீங்கள் ஒரு இடமும் கொடுக்கவில்லையே, நான் என்ன செய்ய?

முதலில் வீட்டுச் சேதி. யாழினிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அக்கா உங்கள் பிக்கப் வண்டியை விற்கவில்லை, முருகேசன் என்று ஒரு டிரைவரை வைத்து ஓட்டுகிறாள். நீங்கள் ஓடிய அதே நடைதான். விடிகாலையில் சிதம்பரத்திலிருந்து கிளம்பி, கடலூரில் ஐஸ் பார் ஏற்றி, உமி போட்டுத் தார்ப்பாயால் மூடி, பிச்சாவரம் பக்கத்து மீனவர் ஊர்களில் படகுகளுக்கு இறக்குவது.

இனி வண்டியின் சேதி. அதற்குத்தான் இந்தக் கடிதமே.

யாழினிக்குக் காது குத்திய நாள் நினைவிருக்கிறதா? தாய்மாமன் நான். மடியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்பவன் சீர் கொண்டுவர வேண்டும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம் கார், வண்டிகளுக்கு சீட் கவர், ஹாரன், லைட் விற்கும் கடை வைத்து எனக்கு நாலு மாதம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் டிப்ளமாவைப் பாதியில் விட்டவன், செல்போன் கடையை மூடியவன், ஷேர் ஆட்டோவை ஓட்டி அதையும் விட்டவன். "இவன் எதுலயும் தேற மாட்டான்" என்று அப்பா வாசலுக்கு வாசல் சொல்லிக்கொண்டிருந்தபோது, "ஒரு கடைய வச்சிக் குடுங்க மாமா, என் மச்சான் பொழச்சிக்குவான்" என்று அவரிடம் பேசியவர் நீங்கள். அந்த நன்றிக்கு ஒன்பது தட்டோடு பத்தாவதாக ஒரு தட்டைச் சேர்த்தேன். வாழைப்பழம், தேங்காய், பட்டுப்பாவாடை, லட்டு, அதன் பக்கத்தில் சிவப்பு நிறத்தில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயும். மேலே சந்தனம், குங்குமம்.

கோல்டு ஏர் இன்டேக் என்று பெயர். இன்ஜின் மூச்சு விடும் குழாயை மாற்றிப் போடுவது. குளிர்ந்த காற்று நிறையப் போனால் இன்ஜின் நன்றாக இழுக்கும், டீசலும் மிச்சமாகும் என்று டப்பாவில் எழுதியிருந்தது. நானும் நம்பினேன். மண்டபமே சிரித்தது. "என்னாடா, கொழந்தைக்கு காது குத்தறதா, வண்டிக்கா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. நீங்கள் எழுந்து வந்து அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்கள். "நம்ம வூட்டுக்குச் சோறு போடறதே வண்டிதான். அதுக்குச் சீர் வச்ச மொத மச்சான் என் மச்சான்தான்" என்றீர்கள். சிரிப்பு நின்றுபோயிற்று.

மறுநாளே அதை நானே மாட்டினேன். கூட ஒரு தகரத் தடுப்பு வந்திருந்தது, இன்ஜின் சூடு ஃபில்டர் மேல் படாமல் இருக்க. அது பேனட்டில் இடித்தது. தூக்கிப் போட்டுவிட்டேன். அந்த ஒரு காரியத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறு நீங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். வந்ததும் பேனட்டைத் திறந்து காட்டுவீர்கள். "சும்மா பறக்குது மச்சான். இழுவ ஜாஸ்தியாயிடுச்சி." கால் வைத்தால் உஸ்ஸென்று சீறும். அந்தச் சீறலைக் கேட்டு அப்பாகூட ஒருமுறை தலையாட்டினார். எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கடைக்கு யார் வந்தாலும், "எங்க மாமா ஐஸ் லோடு அடிக்கிற வண்டியிலயே போட்டிருக்கேன், வேணும்னா போன் போட்டுக் கேளுங்க" என்று உங்கள் நம்பரைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் அப்போதே யோசித்திருக்க வேண்டும். தினமும் கடலூருக்கு வந்தவர், ஒருநாள்கூட லோடு வண்டியோடு என் கடைப்பக்கம் திரும்பியதில்லை. கேட்டால், "ஐஸ் கரைஞ்சிடும் மச்சான்" என்பீர்கள்.

போன மாதம் அக்கா போன் செய்தாள். "வண்டி இழுக்கவே மாட்டேங்குதாம்டா, முருகேசன் தினம் பொலம்பறாரு. போய்ச் சேர லேட்டாவுது, ஐஸ் பாரெல்லாம் ஓரம் கரைஞ்சி மெலிஞ்சி போவுது. அடுத்த மாசத்துலேருந்து வேற வண்டி வச்சிக்கறோம்னு படகுக்காரங்க சொல்லிட்டாங்க." அந்த நடை போய்விட்டால் அக்காவுக்கு வேறு வருமானம் கிடையாது. அன்றே சிதம்பரத்துக்குப் போனேன்.

பேனட்டைத் திறந்தேன். சிவப்பு ஃபில்டர் சிவப்பாகவே இல்லை. ஒன்பது மாத உமித்தூசி அடை அடையாக அப்பிக்கிடந்தது. இன்ஜின் மூக்கை யாரோ துணியால் பொத்தியது போல. கழற்றலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை வைத்தால் பிடிக்கவில்லை. வழுக்கியது. குனிந்து பார்த்தேன். குழாயை இறுக்கும் நாலு கிளாம்பிலும் திருகாணித் தலை தேய்ந்து மொழுக்கையாகி இருந்தது. நான் மாட்டியது ஒரே ஒரு தரம். அப்படித் தேய வேண்டுமானால் முப்பது, நாற்பது தடவை கழற்றி மாட்டியிருக்க வேண்டும்.

அக்கா பக்கத்தில்தான் நின்றாள். "இத யாருக்கா கழட்டிக் கழட்டி மாட்டினது?" என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அவுருதான். உங்க வூட்டுக்குக் கெளம்பற அன்னிக்கு மட்டும் இத மாட்டுவாரு. நாந்தான் கொழாயப் புடிச்சிக்குவேன். திரும்பி வந்ததும் கழட்டிட்டு வண்டியோட வந்த பழைய ஃபில்டர் பொட்டிய மாட்டிடுவாரு."

"ஏன்?"

"லோடு வச்சா இழுக்கலன்னு மொத வாரமே சொல்லிட்டாருடா. ஆனா மச்சான் சபையில வச்சிக் குடுத்த சீரு, அவன் கண்ணுல படும்போது வண்டியில இருக்கணும்னாரு. ஒன்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்குக் கணக்கு அப்போதுதான் புரிந்தது. நீங்கள் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்துபோனது ஒரு ஞாயிறு. களைப்பாக இருக்கிறது, காலையில் கழற்றிக்கொள்ளலாம் என்று படுத்திருக்கிறீர்கள். திங்கள் விடியும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. உங்கள் பொய் அப்படியே வண்டியில் நின்றுவிட்டது. முருகேசனுக்கு எதுவும் தெரியாது. அவர் அதோடுதான் அத்தனை மாதமும் லோடு அடித்திருக்கிறார்.

"அவரு போனப்புறமாவது சொல்லியிருக்கலாமே அக்கா. வண்டி இப்படிப் படுத்துகினு கெடக்குது, பொழப்பே போவப் போவுது."

"எப்பிடிடா சொல்லுவேன்? அது அவுரு கடைசியா கை வச்சி முறுக்குனது. யாரக் கூப்புட்டு இதக் கழட்டுன்னு சொல்லுவேன்?"

நான் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை மாமா. அக்காவே அதை எடுத்தாள். திருகாணித் தலை பிடிக்காததால் குறடு கேட்டாள். முதல் கிளாம்பை அவளே நெம்பினாள். எப்போதும் குழாயைப் பிடித்துக்கொள்பவள் அவள்தான், அன்றைக்குப் பிடித்துக்கொண்டது நான். நாலும் கழன்றதும் அங்கேயே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. லோடு வைத்தால் இழுக்காது என்று நீங்கள் அக்காவிடம் சொன்னது சரிதான் என்று எப்படி ஏற்றுக்கொள்வது? உமி அடைத்ததால்தான் இழுக்கவில்லை, சுத்தமாக இருந்தால் இழுக்கும் என்று வீம்பு பிடித்தேன். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் போட்டுப் புதுக் கிளாம்பில் மாட்டினேன். கடையை மூடிவிட்டு நானே இரண்டு நாள் வண்டியை ஓட்டினேன். அடுத்த இரண்டு நாள் வண்டியோடு வந்த பழைய பெட்டியை மாட்டி ஓட்டினேன். அதே லோடு, அதே நேரம், அதே ரோடு.

வெறும் வண்டியில் வித்தியாசம் தெரிகிறது. கால் வைத்ததும் சீறுவதால் வேகமாகப் போவது போல் தோன்றுகிறது. தோன்றுவது மட்டும்தான். ஐஸ் ஏற்றியதும் குட்டு உடைந்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது என் குழாய் இருந்த நாளில் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது, பழைய பெட்டியில் அதே கியரில் மறுபக்கம் இறங்கியது. வெயில் ஏற ஏற இன்னும் மோசம். காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. வண்டியின் சொந்தப் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. நான் தடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மாட்டியதோ பேனட்டுக்குள்ளே கொதிக்கிற காற்றை எடுத்தது. பெயரில்தான் குளிர்ச்சி. தடுப்போடு மாட்டியிருந்தால்கூட உங்கள் வண்டிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன். தேவையான காற்று அதற்கு முன்பே கிடைத்துக்கொண்டிருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். பெண்ணாடத்தில் கரும்பு ஏற்றும் பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்து, உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வராமலே போனாரே. அவரைக் கஞ்சன் என்று உங்களிடமே திட்டினேன், நீங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவருக்கு இப்போது போன் போட்டேன்.

"ஒங்க மாமா அன்னிக்கே வெவரமா சொன்னாருங்க. லோடு வண்டிக்கு வேணாம், பழைய ஃபில்டரச் சுத்தமா வச்சிகிட்டாலே போதும்னாரு. இத மச்சான்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவன் மனசு தாங்காதுன்னாரு" என்றார்.

முகம் தெரியாத ஆளுக்கு உண்மை. எனக்குப் பொய். அந்த நிமிடம் உங்களை வெறுத்தேன், மறைக்கவில்லை. அவ்வளவு தொட்டாற்சுருங்கியாகவா மாமா நான் இருந்தேன்? உங்களுக்குப் பதிலாக நானே யோசித்துப் பார்த்தேன். ஆமாம், இருந்தேன். செல்போன் கடையில் ஒரு குறை சொன்னதற்குச் சித்தப்பாவோடு ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தவன். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவன். அதையெல்லாம் பார்த்துத்தான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பேனட்டுக்குள் குனிந்திருக்கிறீர்கள்.

ஆனாலும் நீங்கள் கணக்குப் போட்டது தப்பு. சொல்லியிருந்தால் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் வந்து உங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பேன். உங்களிடம் மட்டும் எனக்கு அது முடிந்திருக்கும். இது ஏன் உங்களுக்குத் தெரியாமல் போயிற்று?

படகுக்காரர்கள் வேறு வண்டி வைக்கவில்லை. பழைய பெட்டியே வண்டியில் இருக்கிறது, ஐஸ் கரையாமல் வருகிறது, நடை நிலைத்துவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லி இரண்டு லோடு வண்டிகளுக்கு மாட்டிவிட்டிருந்தேன். நேரில் போய் இரண்டையும் கழற்றிப் பழைய பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். ஒருவர் திட்டினார். கேட்டுக்கொண்டேன்.

நேற்று காலை கடைக்குக் காய்கறி ஏற்றும் ஒருவர் வந்தார். கோல்டு ஏர் இன்டேக் வேண்டும் என்றார். பிறகு, "ஒங்க மாமா வண்டிக்கே போட்டீங்களாமே, எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டார். நீங்கள் இல்லாதது அவருக்குத் தெரியாது.

"எங்க மாமா மொத வாரமே கழட்டிட்டாருங்க. லோடு வண்டிக்கு வேணாம்" என்றேன். "அப்ப பறக்குதுன்னு சொன்னாராமே?" என்றார். "அது எனக்காகச் சொன்னது" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மாமா, உங்கள் பொய்யை நான் மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும்படி உங்களை வைத்தவன் நான். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனிமேல் அக்காவோ, அப்பாவோ, நாளைக்கு யாழினியோ, என்னைப் பற்றிய உண்மையை எனக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க வேண்டிய நிலை வராது. முகத்துக்கு நேரே சொல்லட்டும். அதிகமாகப் போனால் இரண்டு நாள். மூன்றாம் நாள் நான் சாப்பிட வந்துவிடுவேன்.

உங்களிடம் கோபப்படக் கொடுத்துவைக்காத,
உங்கள் மச்சான்,
கமலாவின் தம்பி சரவணன்