என்ர மருத்துவக் கோப்பும் உங்கட பேரும்

ஹம், ஜெர்மனி

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் சுகமோ? உங்கட முழங்கால் நோ எப்பிடி? நான் இப்ப நல்ல சுகம். பயப்பிடாமல் வாசியுங்கோ.

போன கிழமை பல்லு நொந்து கன்னம் வீங்கிப்போச்சு. ஆசுப்பத்திரியிலை வாய் திறந்து கதைக்க ஏலாது. தாதி பென்சிலின் போட வெளிக்கிட்டா. எனக்கு அது ஒத்துக்கொள்ளாதெல்லோ! நான் கையை ஆட்ட, ஊசிக்குப் பயமாக்கும் எண்டு சிரிச்சா. அதுக்குள்ளை டொக்டர் என்ர காப்புறுதி அட்டையைப் போட்டு, கணனியிலை மருத்துவக் கோப்பைத் திறந்து பாத்திட்டு, "நிப்பாட்டுங்கோ" எண்டார். அப்பதான் எனக்கு மூச்சு வந்தது.

பிறகு "ஹெர் நித்தியானந்தன்", அதுதான் திரு நித்தியானந்தன், எண்டு கூப்பிட்டினம். நீங்கள் வந்திட்டியளோ எண்டு திரும்பிப் பாத்தன். இங்கை கோப்பிலையும் வேலையிலையும் உங்கட பேரைக் குடும்பப் பேராப் பதிஞ்சு, அதாலைதான் என்னைக் கூப்பிடுகினம்.

பஸ் வரப்போகுது, ஓடுறன். ஒருக்கா வாட்சப்பிலை குரல் அனுப்புங்கோ அப்பா. "சுலக்சன்" எண்டு என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்.

உங்கட மகன்