இரண்டு தரம் இழுத்த கயிறு

தூத்துக்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் ரோச் மாமாவும் சுகம், என் இடுப்பைத் தவிர. டொராண்டோ குளிரில் காதை மூடாமல் திரியாதே.

நீ சோதித்துப் பார்க்க அனுப்பிய உன் கம்பெனி வி.ஆர். கண்ணாடி வந்ததும், அட்டையில் ‘கடல் இனி உங்கள் வீட்டில்’ என்று போட்டிருந்ததை அம்மா வாசித்தாள். அப்ப வள்ளத்த வித்துருவமா மச்சான் என்று மாமாவுக்கு ஒரே சிரிப்பு. நீ உட்கார்ந்து பார்க்கச் சொன்னாய், நான் நின்றேன். சங்கு குளிக்க நான் கடலில் முங்கினால் என் இடுப்புக் கயிறு வள்ளத்தில் நிற்கும் மாமா கையில்தானே, தங்கச்சி தாலி தன் கையில் என்று அவன் ஒருநாளும் அசந்ததில்லை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள்ளும் என் இடுப்பில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டான், கிறுக்கன். மீனெல்லாம் அழகுதான் மகளே, பொய் சொல்லக்கூடாது. ஆனால் மணலில் கொசுவலை விரித்த மாதிரி கோடு தெரிகிறது, மூக்கில் பாரம். அதுகூடப் பரவாயில்லை, தலையைத் திருப்பினால் படம் ஒரு நொடி பிந்தித்தான் வருகிறது. நாற்பது வருசம் கடலில் வராத குமட்டல் எனக்கு நம் வீட்டு ஹாலில் வந்தது. என்னையறியாமல் கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டேன். தூக்கு என்று அர்த்தம். மாமா இழுத்த இழுப்பில் நான் போய் இட்லி மாவுச் சட்டியில் மல்லாந்தேன். கடல்ல கவுராத மனுசன் மாவுல கவுந்துட்டாரே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இனிமேல்தான் விசயம். யாருக்கும் தலை சுற்றாது என்று மாதக் கடைசியில் நீ கையெழுத்துப் போட வேண்டும், விளம்பரம் அடித்தாகிவிட்டது, மேலதிகாரி நெருக்குகிறார் என்றாயே. நல்லா இருக்குன்னு எழுதுங்க, பிள்ள வேலைக்கு உலை வச்சிராதிய என்று அம்மா கெஞ்சினாள். எனக்கும் பயம்தான், இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மாமாதான் சொன்னான், நீரு இழுத்தா பையில சங்கு கெடக்கான்னா நான் கேட்டேன், தூக்கத்தான செஞ்சேன் என்று. அதைக் கேட்டபிறகு என்னால் பொய் எழுத முடியவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாட்டப்போகிற கண்ணாடி என்கிறாய். அவர்கள் கயிறு உன் கையில், நான் இரண்டு தரம் இழுத்துவிட்டேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. கூட அனுப்பும் மக்ரூனை நமத்துப்போகுமுன் தின்றுவிடு. வேலை போனால் போகிறது, பயப்படாதே மகளே. உன் கயிற்றை நாங்கள் மூன்று பேரும் பிடித்திருக்கிறோம்.

உன் அப்பா,
கஸ்பார்