இருபத்திரண்டு கிலோவுக்குள்

பிப்ரவரி 9

போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் இன்று கூட்டமே இல்லை. குடை, மதிய டப்பா, போர்வை என்று கொண்டுபோனதையெல்லாம் பார்சல் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து கவுன்ட்டர் அக்கா, "என்னடி, வீட்டையே பார்சல் பண்ணப் போறியா?" என்றாள். டென்ட் வாங்கப் போகிறேன் என்றேன். டென்ட்டுக்கும் குடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

சம்பந்தம் இருக்கிறது. என் மகளுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே கால் தசையில் பலமில்லை, பத்தடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். முதுகில் மாட்டிக்கொள்ளும் நாற்காலியில் தூக்கிக்கொண்டுதான் எங்கேயும் போகிறேன். அதனால் தனக்கு மூட்டை என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். மலைமேல் ஏரிக்கரையில் ஒரு ராத்திரி டென்ட்டில் படுக்க வேண்டுமாம். ஒரு வருஷமாக உயிரை வாங்குகிறாள்.

நாற்காலியில் இருபத்திரண்டு கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது. மூட்டை பதினெட்டு. தண்ணீர், சாப்பாடு, போர்வை, மருந்து எல்லாம் சேர்ந்து மூன்று. மிச்சம் ஒரு கிலோ. அதற்குள் ஒரு டென்ட் வேண்டும். இவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மாடிப்படி ஏறுவதே பெரும்பாடு, ஆகவே நானும் அவளும்தான். அடுத்த வருஷம் வளர்ந்துவிடுவாள். இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

பிப்ரவரி 15

டென்ட் கடை. மூட்டை உள்ளே போனதுமே ஒரு சிவப்பு டென்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூரையில் வலை, படுத்தபடியே வானம் தெரியும். கம்பிகள் கெட்டி. எடை இரண்டு கிலோ! கடைக்காரர் இன்னொன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சாம்பல் நிறம், வெங்காயத் தோல் மாதிரி துணி, தொள்ளாயிரம் கிராம்.

"காத்துக்குத் தாங்குமா?"

"உள்ள ஆள் இருந்தா தாங்கும்மா. ஆளில்லாம விட்டீங்கன்னா பட்டம்தான்."

குழந்தையோடு போகிறவர்களுக்கு இதைக் கொடுக்க மனசு வராது என்றும் சொன்னார். நல்ல மனிதர். எனக்கு எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது முதுகிலிருந்து கேட்டாள், "அம்மா, நான் கனமா இருக்கேனா?"

"பஞ்சு மூட்டைடி நீ" என்றேன். இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

பிப்ரவரி 16

சாம்பலையே வாங்கிவிட்டேன். ஒரு நாள் முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இருக்கட்டும்.

பிப்ரவரி 22

மூட்டையை ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தராசில் உட்காரவைத்தேன். "எந்த ஊருக்கு அனுப்பட்டும்?" என்றேன். "ஏரிக்கு!" என்றாள். அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

பதினெட்டு கிலோ நூறு. கூடிவிட்டது.

சாயந்திரம் இவரிடம் புலம்பினேன். "இன்னும் அரைக் கிலோ ஏறினாள்னா ஏரியும் இல்ல, ஒண்ணும் இல்ல." ஹாலிலேயே டென்ட்டைப் போட்டுப் படுங்களேன் என்கிறார். இவரிடம் போய்ச் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும். மூட்டை அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 3

சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் வயிறு நிறைந்துவிட்டது என்கிறாள். என்னத்தைத் தின்றாள், நிறைவதற்கு?

மார்ச் 11

பதினேழு கிலோ.

தராசைப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சிவப்பு டென்ட் இப்போது சரியாக வரும் என்று. பெற்றவள் போடுகிற கணக்கா இது? சீ.

மார்ச் 12

அவளுடைய மழை பூட்ஸிலிருந்து ஒரு வாடை. கவிழ்த்தேன். ரொட்டித் துண்டுகள், அவித்த முட்டை, பூசணம் பிடித்த ஏதோ ஒன்று. இரண்டு பூட்ஸும் நிறைய.

"நீதானம்மா அப்பாகிட்ட சொன்ன, அரைக் கிலோ ஏறினா ஏரி இல்லன்னு."

அடிப்பாவி. அவளைச் சொல்லவில்லை, என்னைத்தான். எதையோ சொல்லிச் சமாளிக்க வேண்டுமே, கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. "அந்த டென்ட் ரொம்ப லேசு கண்ணு. காத்தடிச்சா பட்டம் மாதிரி பறந்துடும். உள்ள கனமா ஒரு ஆள் இருந்தாத்தான் நிக்கும். நீதான் புடிச்சுக்கணும்."

"அப்போ நாற்காலி?"

"அது தாங்கும். அம்மா தப்பா சொல்லிட்டேன்."

"எவ்வளவு கனமா இருக்கணும்?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

மார்ச் 20

தின்கிறாள். மூச்சு முட்டத் தின்கிறாள். தட்டை வழித்துவிட்டு, "இப்ப டென்ட் பறக்குமா?" என்று கேட்கிறாள். பூட்ஸைத் தினமும் கவிழ்த்துப் பார்க்கிறேன். காலியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 29

பதினாறு எண்ணூறு.

தராசு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இறக்கி இறக்கி மூன்று தடவை வைத்தேன். அக்கா உள்ளேயிருந்து ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். ஐந்துதான் காட்டியது. அக்கா மூட்டையின் கையில் தேதி முத்திரை ஒன்றைக் குத்திவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஏப்ரல் 4

டாக்டர்: "சாப்பாட்டுல குறை இல்லம்மா. தசை கரைஞ்சுட்டு வருது. நாங்க நெனச்சதவிட வேகமா."

அப்போ நான்? நான் பட்டினி போட்டதுனால இல்லையா? அதனால் இல்லையாம். அதனால்தான் என்று சொல்லியிருந்தால் தேவலை, ஊட்டி ஊட்டியாவது சரிபண்ணியிருப்பேன். இப்ப நான் என்ன பண்றது? என்னதான் பண்றது?

ஏரிக்குப் போகலாமா என்று கேட்டேன். "போறதா இருந்தா சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்றார். பஸ்ஸில் எல்லார் முன்னாலும் அழுதேன். மூட்டை என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

ஏப்ரல் 6

நாற்காலியின் வார்கள் தொளதொளவென்று இருந்தன. இவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

ஏப்ரல் 9

டென்ட் கடைக்குப் போனேன். சிவப்பு இப்போது தாராளமாக வரும். பிரிக்காததால் மாற்றித் தருகிறேன் என்றார் கடைக்காரர். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு எந்தக் காற்றிலும் தானாக நிற்கும். அப்புறம் அவளுக்கு அங்கே என்ன வேலை?

ஏப்ரல் 18

ஏரி. டென்ட்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது.

வழியெல்லாம் எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. பாதி தூரத்தில் கேட்டாள், "அம்மா, நான் கனமா இருக்கேனா?"

"யம்மாடி! முதுகு ஒடியுது. என்னத்தடி தின்ன?"

நாற்காலி ஆடும்படி சிரித்தாள். நல்லவேளை, என் முகம் அவளுக்குத் தெரியாது.

மதியத்திலிருந்தே காற்று. அவளைப் பாறை மறைவில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு, கரையிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கிவந்து டென்ட்டுக்குள் நான்கு மூலையிலும் வைத்துப் போர்வையாலும் பையாலும் மூடினேன். பிறகு அவளைத் தூக்கி வந்து நடுவில் உட்காரவைத்தேன்.

துணி படபடவென்று அடித்துக்கொள்கிறது. டென்ட் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு கவனம்.

தண்ணீர் எடுக்க வேண்டும். "நான் வெளிய போனா டென்ட் பறந்துடாதே?" என்று கேட்டேன்.

"நீ போயிட்டு வாம்மா. நான் இருக்கேன்ல" என்கிறாள்.