வளைவில் ஊதாத வண்டி

மகனுக்கு,

நேற்று நம் ஊர் வளைவில் நீ ஹாரன் அடிக்காமல் ரயிலை ஓட்டிப் போனாய். அது தவறு. என்மேல் உள்ள கோபத்தை உன் அம்மாவிடம் காட்டியிருக்கிறாய்.

நான் எஞ்சின் ஓட்டிய காலத்தில், மதியம் அந்த வளைவில் நீளமாக ஒருமுறை ஊதினால்தான் அவள் உலை வைப்பாள். ஊரே அதைக் கேட்டுத்தான் சாப்பிடப் போகும். ஒருநாள் தண்டவாளத்தில் நின்ற ஆட்டை விரட்டக் காலையிலேயே ஊதித் தொலைத்தேன். சலூன்காரர் ஒருவரைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

"யோவ், மணி பத்துகூட ஆகல. உன் ஊதலைக் கேட்டு எனக்குப் பசியே வந்துடுச்சு!" என்று ஸ்டேஷன் மாஸ்டர் கத்தினார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அந்த ஆட்டுக்கும் ஒரு தட்டு வைக்கவா?" என்றாள் உன் அம்மா.

இப்போது அவள் சாப்பிடுவதில்லை. நீ இந்த வழியில் ஓட்டுவதாக யாரோ சொல்ல, கட்டிலை ஜன்னலோரம் போடச் சொன்னாள். நேற்று வண்டி கடந்த பிறகு, "வேற யாரோ ஓட்டுறாங்க போல," என்றாள்.

"ஆமா," என்றேன்.

உன் கல்யாணத்துக்கு நான் வராதது சரி. மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே நீ வளைவில் ஊத வேண்டும். டாக்டர் இனி வர வேண்டியதில்லை, அவரே சொல்லிவிட்டார். உன் மனைவி வந்து பார்க்கட்டும். அந்த நேரம் நான் வெளியே போய்விடுகிறேன். வண்டி வரும்போது உன் அம்மாவைத் தூக்கி உட்காரவைப்பது என் வேலை. அதற்கு இன்னோர் ஆள் வேண்டாம், அவ்வளவு லேசாகிவிட்டாள்.

அப்பா