எந்தக் காதிலும் சொல்லாத திட்டம்

ஊர் முழுவதையும் மைக்கில் வழியனுப்பி வைத்துவிட்டு, தன் பயணத்தை மட்டும் யாருக்கும் அறிவிக்காமல் கிளம்பிப்போன என் நைனாவுக்கு,

உங்கள் மகள் ஷீலா எழுதுகிறேன். நீங்கள் போனபோது என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தவளுக்கு இப்போது நாலு வயது முடிந்துவிட்டது. பெயர் ஜாய். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். சித்தூர் பஸ் ஸ்டாண்டு வழியாகப் போகும்போதெல்லாம் அவளுக்கு அந்த அறிவிப்பு அறையைக் காட்ட வேண்டும். "உங்க தாத்தா குந்திக்கினு பேசுன எடம்" என்று அம்மா காட்டுவாள். இப்போது அங்கே ஆள் இல்லை. திருப்பதி பஸ் எத்தனையாவது பிளாட்பாரத்தில் நிற்கிறது என்று பதிவு செய்துவைத்த ஒரு குரல்தான் தெலுங்கில் சொல்கிறது. வேலூர் பஸ்ஸுக்கு மட்டும் தமிழிலும் சேர்த்துச் சொல்வீர்களே, அதெல்லாம் நின்றுபோயிற்று.

நல்ல சேதி ஒன்று கிடைத்ததும் உங்களுக்கு எழுதலாம் என்று நாலு வருஷமாகக் காத்திருந்தேன். கிடைத்தது இதுதான். ஜாயின் இதயத்தில் ஓட்டை இருக்கிறது, நைனா.

சளி விடவே இல்லை என்று காட்டப்போன இடத்தில், டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை அவள் நெஞ்சிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திருப்பதிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே எக்கோ எடுத்தார்கள். பிறவியிலேயே உள்ளதாம். ஆபரேஷன் செய்து மூட வேண்டுமாம். "அதுவரைக்கும் ஓட விடாதீங்க, குதிக்க விடாதீங்க" என்றார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் என் மடியில் தூங்கினாள். சட்டைக்கு மேல் கை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு கையை எடுக்க முடியவில்லை. இப்போதும் இடது கை அவள் மேல்தான் இருக்கிறது, வலது கை எழுதுகிறது.

இது நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. முதல் மூன்று வாரம் எனக்கும் உங்கள் மருமகனுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட. பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஏதோ சர்டிபிகேட் வாங்கத் திருப்பதிக்குப் போகிறோம் என்று சொன்னேன். ஆபரேஷன் வாரத்துக்கும் ஒரு பொய் தயாராக இருந்தது: காலேஜ் தோழியின் கல்யாணம், நாங்கள் மூவரும் ஒரு வாரம் அங்கே தங்குகிறோம். எல்லாம் நல்லபடி முடிந்தபின் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏன் மறைத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உலகத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் திருப்பதியில் டிகிரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். நம் சபையின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்கு வழக்கம்போல் நாடகம் உங்களுடையது. பங்காருபாளையம் பக்கத்தில் மாந்தோப்புத் திருடன் ஒருவனை இரண்டு காவல்காரர்கள் பிடிக்கிற கதை. வழக்கம்போல் திரைக்குப் பின்னால் நோட்டை வைத்துக்கொண்டு வசனம் எடுத்துக் கொடுப்பது நான். முதல் காட்சியில் பெரிய காவல்காரர் தன் திட்டத்தை மூன்று பக்கத்துக்கு விளக்குவார். யார் மரத்தில் ஏறுவது, யார் கிணற்றுக்குப் பின்னால் நிற்பது, எப்போது விசில் ஊதுவது, எல்லாம். ஒத்திகையில் எனக்குக் கொட்டாவி வந்தது.

"இத வெட்டிடுங்க நைனா."

"வெட்டுனா திட்டம் எப்டி புரியும்? சனங்க முழிச்சிக்கினு குந்தி இருப்பாங்க."

"மொத சீன்ல சொல்றீங்க. மூணாவது சீன்ல அதையே செய்றீங்க. ஒரே சோத்த ரெண்டு தபா எவன் துன்னுவான்?"

"காலேஜுக்கு அனுப்பனது நானு. எனக்கே கத்திரி போட வந்துட்டா பாரு!"

ஆனாலும் வெட்டினீர்கள். பெரிய காவல்காரர் சின்னவரைக் கிட்டே இழுத்துக் காதில் ஏதோ சொன்னார். சின்னவர் கண்ணை அகல விரித்து, "அடேயப்பா!" என்றார். அவ்வளவுதான். மண்டபமே முன்னால் சாய்ந்தது. "சத்தமா சொல்லுய்யா!" என்று பின்னால் ஒருவர் கத்தினார். திருடனின் திட்டத்தை மட்டும் நீங்கள் வெட்டவில்லை. அவன் விரல் விட்டு விளக்கினான்: முதலில் நாய்க்குக் கருவாடு, அப்புறம் ஏணி, அப்புறம் கோணி. நாய் கருவாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை, ஏணி முறிந்தது, கோணிக்குள் அவனே விழுந்தான். முதல் வரிசையில் இருந்த அம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள்: "கரெக்டா புடிச்சிட்டடி. ஜெயிக்கிற திட்டத்த சொல்லக் கூடாது. சொன்ன திட்டம் தோத்துப்பூடும்."

அது மேடையோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பேங்க் பரீட்சையில் நான் பாஸாவேன் என்று அம்மா எதிர்வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். "சொல்லிட்டியா? போச்சு" என்றீர்கள். போய்த்தான் விட்டது. என் கல்யாணப் பேச்சை நிச்சயம் வரை வாயைத் திறக்காமல் வைத்திருந்தீர்கள், அது கூடி வந்தது. நாம் இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டோம். எப்போது அது விளையாட்டாக இல்லாமல் போயிற்று, நைனா? உங்களுக்காவது தெரியுமா?

நீங்கள் போன அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றி உங்களிடம் நான் பேசியதே இல்லை. ஆராதனைக்கு வெள்ளைச் சட்டை போட்டாயிற்று. சபையார் எழுதிக் கொடுத்த ஜெப விண்ணப்பச் சீட்டுகள் பாக்கெட்டில். வாராவாரம் அவற்றை மைக்கில் வாசிப்பதும் நீங்கள்தானே. யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பித்தப்பைக் கல், யார் மகன் வெளிநாட்டுக்குப் போகிறான், எல்லாம் உங்கள் குரலில்தான் ஊருக்குத் தெரியும். செருப்பை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தீர்கள்.

"கேஸுதான். ராத்திரி அத்தினி மொச்சக்கொட்ட துன்னா இன்னா ஆவும்?" என்று திட்டிக்கொண்டே அம்மா முதுகைத் தேய்த்தாள். ஓம வாட்டர் கொடுத்தாள். எதிர்க்கடையில் சோடா வாங்கி வரச் சொன்னாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நானே போய் வாங்கி வந்தேன். நீங்கள் அதைக் குடித்தீர்கள். எல்லாம் தெரிந்த நீங்கள், ஒன்றும் சொல்லாமல் குடித்தீர்கள். ஆட்டோ கூப்பிடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில், "இதுக்கு முன்னாடி ஹார்ட் பிராப்ளம் ஏதாவது?" என்று கேட்டார்கள். "அவருக்கா? ஒண்ணுமே இல்ல சார்" என்றாள் அம்மா.

பிறகுதான் நாடக நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். தனியாகத் திருப்பதிக்குப் போய் ஆஞ்சியோ எடுத்திருக்கிறீர்கள். பைபாஸ், சீக்கிரம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கீழே உங்கள் திட்டம், காட்சி காட்சியாக. ஷீலாவின் பிரசவம் முடியட்டும். சத்தியவேட்டில் நண்பர் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிக் கிளம்புவது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு விஷயத்தைச் சொல்வது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தீர்கள்: யாருக்கும் சொல்லக் கூடாது.

நோட்டை அம்மாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். மூடி பீரோவில் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோடா வாங்குவதில்லை.

அந்த விதியை உங்கள் கையில் கொடுத்தவள் நான். ஒத்திகையில் கொட்டாவி விட்ட ஒரு பெண், கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக நினைத்துச் சொன்னது. அதை நீங்கள் உங்கள் நெஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவும் தெரிந்திருந்தும் நானும் அதையே செய்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். அம்மாவிடம் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் "சொல்லிட்டியா? போச்சு" என்று உங்கள் குரல் கேட்டது. மற்ற விஷயமென்றால் சவால் விட்டுப் பார்த்திருப்பேன். ஜாயை வைத்து எப்படிச் சவால் விடுவது?

போன வாரம் வேலை முடிந்து வந்தேன். மொட்டை மாடியிலிருந்து அம்மாவின் கைதட்டல் கேட்டது.

"ஓடு, ஓடு, எங்கம்மா! இன்னும் ஒரே தபா!"

சண்டே ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்குப் பேத்தியைத் தயார்செய்கிறாள். எத்தனை நாளாக என்று தெரியாது. நான் மேலே போனபோது ஜாய் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது.

"பாருடி உம் பொண்ண. நாலடி ஓடறா, குந்திக்கிறா. சோம்பேறி. தெனம் ஓடுனாத்தான நெஞ்சு பெலமாவும்?"

"நிறுத்தும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, திருப்பதி, ஆபரேஷன், இல்லாத தோழியின் கல்யாணம்.

அம்மா தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி நாளா தெரியும்?"

"மூணு வாரம்."

"மாப்பிள்ளைக்கு?"

"தெரியும்."

"எனுக்கு மட்டும் தெரியாது."

"சொன்னா தோத்துப்பூடும்னு பயமா இருந்துச்சும்மா. நைனா சொல்லுவாரு இல்ல..."

"சொல்லுவாரு, சொல்லுவாரு. அப்பனும் பொண்ணும் பெரிய நாடகக்காரங்க." அம்மாவின் குரல் ஏறவே இல்லை. "அந்தக் காவல்காரன் காதுல சொன்னான் இல்ல? அப்போ மேடைமேல ஒரு காது இருந்துச்சா இல்லையா? கேக்காதது எங்களுக்குத்தான், கீழ குந்தினு இருந்தவங்களுக்கு. கூட நின்னவனுக்குக் கேட்டுச்சே! உங்க நைனா என்ன மொத வரிசையில குந்த வெச்சிட்டுப் போனாரு. இப்ப நீயும் குந்த வெச்சிட்ட. ஏன்டி, நான் இன்னா வேடிக்க பாக்கவா உங்க ஊட்டுக்கு வந்தேன்?"

பிறகு அம்மா கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நான் சோடா குடுத்தேன்டி அந்த மனுசனுக்கு."

அன்று ஜாய்க்கு மூச்சு மெல்லச் சீராகிவிட்டது. போனில் டாக்டர், இனிமேல் கவனமாக இருங்கள் என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அம்மாதான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜாயின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள், ஓடவைத்த கால்கள் என்று.

அம்மா சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கத்தை வெட்டச் சொன்ன நானும், அதை ஒப்புக்கொண்ட நீங்களும் அந்தக் காதைப் பார்க்கவே இல்லையே. ரகசியத் திட்டம் என்று நாம் சொன்னது ரகசியமே இல்லை, நைனா. கூட நிற்கிறவனுக்குத் தெரியும். மரத்தில் ஏற வேண்டியவன் ஏறுவான், விசில் ஊத வேண்டியவன் ஊதுவான். யாருக்குமே சொல்லாமல் பெரிய காவல்காரர் தனியாகப் போயிருந்தால் திருடன் தப்பித்திருப்பான்.

இன்னொன்றும் இப்போதுதான் புரிகிறது. நாடகத்தில் யார் ஜெயிப்பார் என்று உங்களுக்கு முதலிலேயே தெரியும். தெரிந்த பிறகுதான், இதை விளக்கலாமா, காதோடு முடித்துவிடலாமா என்று முடிவு செய்தீர்கள். சொன்னதால் திருடனின் திட்டம் தோற்கவில்லை. அது தோற்கப்போகிறது என்பதால் அவனைச் சொல்லவிட்டீர்கள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். நமக்கு முடிவை எழுதிவைத்த எந்த நோட்டும் இல்லை. இருந்தாலும் அது நம் கையில் இல்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஆனாலும் சொல்கிறேன், முழுசாக, விரல் விட்டு, அந்தத் திருடனைப் போலவே. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் திருப்பதிக்குப் போகிறோம். நான், உங்கள் மருமகன், ஜாய், அம்மா. அன்றே அட்மிஷன். வியாழக்கிழமை ஆபரேஷன். ரத்தம் கொடுக்க உங்கள் மருமகனின் ஃபாக்டரியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். உள்ளே போகும்வரை குழந்தையின் கையை அம்மா பிடித்திருப்பாள், அதை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். டாக்டர் "தைரியமா இருங்க" என்றார். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜெப விண்ணப்பச் சீட்டு எழுதிவிட்டேன். நீங்கள் போனபின் ஆயரம்மாதான் வாசிக்கிறார். இந்த ஞாயிறு இதை மட்டும் நான் வாசிக்கிறேன் என்று கேட்டிருக்கிறேன். ஊரார் சீட்டையெல்லாம் வாசித்த உங்கள் பாக்கெட்டில் உங்கள் பெயர் போட்ட சீட்டு ஒன்றாவது இருந்திருக்கக் கூடாதா, நைனா? ஒரே ஒரு சீட்டு இருந்திருந்தால், அன்று காலையில் அம்மா சோடாவையா தேடியிருப்பாள்?

ஒரு வாக்கு கொடுக்கிறேன். வியாழக்கிழமை முடிவு எதுவானாலும் அதை என்னோடு வைத்துக்கொள்ள மாட்டேன். முதலில் அம்மாவின் காதில் சொல்வேன். பிறகு சித்தூருக்குத் திரும்பி வந்து, உங்கள் கல்லறைப் பக்கத்தில் நின்று, நீங்கள் பஸ்ஸை அறிவிப்பீர்களே, அவ்வளவு சத்தமாக உங்களுக்குச் சொல்வேன். அந்த நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜாயும் நிற்க வேண்டும். இந்தத் திட்டத்தில் நான் சொல்லாமல் விட்டிருந்தது அது ஒன்றுதான். அதையும் சொல்லிவிட்டேன்.

முதல் வரிசையிலிருந்த அம்மாவைத் தாமதமாக மேடைக்குக் கூப்பிட்ட,
உங்கள் மகள்,
ஜாயின் அம்மா,
ஷீலா