செத்துப்போகிறவளுக்கு மூன்று வார்த்தை

பிப்ரவரி 4, செவ்வாய்

எரிச்சலாக வருகிறது. எடுக்கப்போவது ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடம் மட்டும். அதற்கு மூன்று பேர் கொண்ட குழு. தன்னைத் தானே இயக்குநராக அறிவித்துக்கொண்ட ‘டைரக்டர்’, கேமரா ஸ்டாண்டைத் தோளிலிருந்து இறக்காத ‘ஸ்டாண்டு’, அப்புறம் நான். பாத்திரங்களை முழுசாகத் திட்டமிட்டு எழுதிக் காட்டினால்தான் கேமராவைத் தருவேன் என்று எங்கள் மீடியா வகுப்பு சார் சொல்லிவிட்டார்.

டைரக்டர் எழுதி வந்ததைப் படித்தேன். கொலைகாரனுக்கு ஒன்றரைப் பக்கம். கறுப்புச் சட்டை, முகமூடி, தோல் கையுறை, சின்ன வயதில் பட்ட அடி, எந்தக் கைப் பழக்கம் என்பது வரை இருக்கிறது. செத்துப்போகிறவளுக்கு மூன்று வார்த்தை. பெண். இளம்வயது. பயந்தவள்.

“இவ யாரு? எதுக்குப் பயப்படுறா?” என்று கேட்டேன்.

“ரெண்டு நிமிஷத்துல சாகப் போறவளுக்கு எதுக்குடி சரித்திரம்?” என்றான்.

ஸ்டாண்டு சிரித்தான். அவன் மழை பெய்தாலும் சிரிப்பான்.

பிப்ரவரி 5, புதன்

சாரிடம் போனேன். “இந்த மாதிரிப் படத்துக்கு அது மரபும்மா” என்றார். மரபாம்! பெண் ஓடுவாள், செருப்பு கழலும், விழுவாள், கத்துவாள். எவன் ஆரம்பித்தானோ, எல்லோரும் செம்மறியாட்டுக் கூட்டம் மாதிரி பின்னாலேயே போகிறார்கள்.

“உனக்கு வேற யோசனை இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதிட்டு வா.” எழுதுகிறேன். எழுதாமல் விடுவேனா?

பிப்ரவரி 6, வியாழன்

முகமூடி போட்டவனை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. பிறகு எப்படி அவனுக்குப் பயப்படுவது? நான் நிஜமாகப் பயந்தது யாரைப் பார்த்து?

கேட்ட உடனே பதில் வந்துவிட்டது. கை தானாக எழுதியது.

கொலைகாரன்: முப்பத்தைந்து வயது. இஸ்திரி போட்ட சட்டை. குரலை உயர்த்த மாட்டான். வீட்டுக்குள் வந்ததும் செருப்பு அலமாரியிலிருந்து மனைவியின் செருப்பை எடுப்பான். திருப்பி, அடிப்பக்கத்தை ஒரு விரலால் தடவுவான். விரலைப் பார்ப்பான். ஈரமோ மண்ணோ இருந்தால் அவள் வெளியே போயிருக்கிறாள்.

இது மாமா. அக்காவின் கணவர். போன மாதம் நான் அவர்கள் பால்கனியில் நின்றிருந்தது தெரியாமல் இதைத்தான் செய்தார். என்னைப் பார்த்ததும் செருப்பை வைத்துவிட்டு, “எப்பம்மா வந்தே? காபி குடிச்சியா?” என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அன்றே அம்மாவிடம் சொன்னேன். “சுத்தம் பாக்குறவர். அழுக்கா இருக்கான்னு பாத்திருப்பார். ஒரு நாள் குரலை ஒசத்தினதுண்டா? தங்கமான மாப்பிள்ளை” என்றாள். உயர்த்தியதில்லைதான். அக்கா வேலையை விட்டதும் தோழிகளை விட்டதும் குரல் உயராமல்தான் நடந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

“செருப்பைத் தடவுறவன் வில்லனா? அப்ப செருப்புத் தைக்கிறவரு?” — டைரக்டர். வகுப்பே சிரித்தது. அறைந்திருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சார் இரண்டு தடவை படித்தார். “வித்தியாசமா இருக்கு. இதையே எடுங்க.” டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கத்தியாவது வேண்டும் என்று மாலை வரை நச்சரித்தான். கொலைகாரனாக நடிக்க எங்கள் கேமரா அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைக் கேட்டிருக்கிறோம். பூனைக்குக்கூட வழிவிட்டு நடக்கிற மனிதர்.

பிப்ரவரி 13, வியாழன்

நடிப்பதாகச் சொன்ன பெண் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டாள். வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் போட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

“பகல்லதானே? அவர் வர்றதுக்குள்ள விட்டுடுவீங்கள்ல?” என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பிப்ரவரி 15, சனி

டைரக்டரின் பெரியப்பாவுடைய காலி வீட்டில் படப்பிடிப்பு. அக்கா சோபாவில் உட்கார்ந்து புத்தகம் படிக்க வேண்டும். லிப்ட் சத்தம் கேட்டதும் நிமிர வேண்டும். கணவன் உள்ளே வருவான். அவளுக்கு நான் எழுதியது இவ்வளவுதான். செருப்பை எப்படித் தடவ வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அக்கா பக்கத்தில்தான் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

முதல் டேக். லிப்ட் சத்தம் கொடுத்தோம். அக்கா நிமிரவில்லை, எழுந்தே விட்டாள். அலமாரிக்குப் போய் தன் செருப்பை எடுத்து, தான் போட்டிருந்த சுடிதார் சட்டையின் உள்மடிப்பால் அடிப்பக்கத்தைத் துடைத்து, திரும்ப வைத்துவிட்டு, வந்து புத்தகத்தைப் பிரித்தாள்.

“கட்! இது திட்டத்துலயே இல்லையே!” என்று கத்திய டைரக்டர் அடுத்த நொடியே குதித்தான். “இருக்கட்டும், இருக்கட்டும்! பாக்குறவன் இவதான் கொலைகாரி, ரத்தத்தைத் துடைக்கிறான்னு நினைப்பான். சூப்பர்க்கா!”

திரும்பத் திரும்ப எடுத்தார்கள். அண்ணன் ஒவ்வொரு டேக் முடிந்ததும் “தப்பா நெனைக்காதீங்க தங்கச்சி” என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

எடிட்டிங். எங்கள் படங்களில் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் எதுவும் ஒட்டாது. டம்ளர் இடம் மாறும், தலைமுடி பக்கம் மாறும். ஒட்டவைப்பதற்குள் உயிர் போகும். இன்று ஸ்டாண்டு எல்லா டேக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டான்.

“உங்க அக்கா முன்னாடியே நடிச்சிருக்காங்களா? எங்க வெட்டினாலும் ஒட்டுது பாரு.”

ஒவ்வொன்றிலும் முதலில் வலது செருப்பு. பிறகு இடது. சட்டையின் அதே மூலை, கறை வெளியே தெரியாத மூலை. வைக்கும்போது இடது செருப்பைச் சற்றுக் கோணலாக, எடுத்த நிலையிலேயே வைக்கிறாள். கையைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்கக் கதவில் இருக்கிறது.

இது நடிப்பா? நடிப்புன்னா ஒரு தடவையாவது மாறாதா? எத்தனை நாள் செஞ்சா ஒருத்திக்கு இப்படிக் கை பழகும்?

எழுந்து வெளியே வந்துவிட்டேன். டைரக்டர் பின்னாலேயே வந்து, “எதுக்குக் கோவம்? நல்லாத்தானே வந்திருக்கு?” என்றான். நல்லா வந்திருக்காம். அவனை என்ன சொல்லித் திட்டினேன் என்று எழுதினால் பேனாவுக்கே அசிங்கம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாமா வேலைக்குப் போன பிறகு அக்கா வீட்டுக்குப் போனேன்.

“சினிமாவுக்காகப் பண்ணினேன்டி.”

“நான் அப்படி எழுதலையே?”

அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. “அவர் என்னை ஒண்ணும் பண்றதில்ல. எங்க போனேன்னு கேப்பார். சொல்ற வரைக்கும் பேச மாட்டார். ஒரு வாரம்கூட. அதுக்குத் தொடச்சு வெச்சுட்டாப் போதும்ல?”

போதுமா? இதுக்குப் பேர் போதுமா? எனக்கு அவள் மேலும் கோபம். ஏன் சொல்லலைன்னு கத்தினேன். கத்தினதும் அவ தோள் சுருங்குச்சு. அதைப் பாத்ததும் என் மேலயே வெறுப்பாப் போச்சு.

“அம்மாகிட்ட அந்த வீடியோவைக் காட்டட்டுமா?” என்று கேட்டேன். அடுப்புத் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, “காட்டு” என்றாள்.

பிப்ரவரி 19, புதன்

அம்மாவை உட்காரவைத்துப் போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும்.

“இதை நீ சொல்லிக் குடுத்தியா?”

“இல்லம்மா.”

“தங்கமான மாப்பிள்ளைன்னியே, இப்பச் சொல்லு” என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். திரும்பி வந்தபோது அக்காவும் கூட வந்தாள், ஒரு பையோடு.

சாயங்காலம் மாமா போன் செய்தார். அதே மெல்லிய குரல். “ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும் அத்தை, பரவால்ல.”

“எப்ப வர்றது, வர்றதா வேண்டாமான்னு அவ சொல்லுவா” என்று அம்மா வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மாமா வாசலில் வந்து நின்றார். அம்மா கதவைத் திறக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

‘வகுப்பில் போடலாமா’ என்று அக்காவிடம் முன்பே கேட்டிருந்தேன். “போடு. என் பேரும் வரணும்” என்றாள். வந்தது. இன்று மதிப்பெண். சார் எழுதியிருக்கிறார்: கொலைகாரன் பாத்திரம் அருமை. பெண்ணின் பயத்துக்குக் காரணம் தெளிவாக இல்லை.

தெளிவாக இல்லையாம்! அவர் மேசை முன்னால் நின்று சண்டை போட்டேன். “நான் அப்பவே கத்தி வேணும்னேன்” என்றான் டைரக்டர். அவனோடும் போட்டேன். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தால் அக்காவைக் காணோம். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா எங்கம்மா?”

“வெளிய போயிருக்கா.”

“வெளியன்னா எங்க?”

“தெரியாது” என்றாள் அம்மா. “நான் கேக்கலை.”